ஆலை இடம் மாறுகிறது: தொழிலாளர்களிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து ஷூ ஆலைக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே செலவுக் கணக்குக்கு வந்துவிடும். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டதும் அந்தக் கணக்கு இன்னும் நெருக்கியது. நாலு ஊரில் நாலு யூனிட் வைத்துக்கொண்டு வாடகையும் வண்டிச் செலவும் கட்டுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுக்க ஒரு வாரம் போதும். அதை உள்ளே உட்கார்ந்து தைக்கிறவர்களிடம் கொண்டுபோவதில்தான் பலருக்கும் சறுக்குகிறது. பர்சனல் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த இரண்டாவது வேலைக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு என்ன விலை என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒரு கற்பனை ஆலையை வைத்துக்கொள்வோம். பேரணாம்பட்டில் ஷூவின் மேல்பகுதியை, அதாவது அப்பரை, தைக்கும் யூனிட். 240 பேர், பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். இதை ஆம்பூர்ப் பக்கம் உள்ள முழு ஷூ ஆலையோடு சேர்க்கப்போகிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் காலை ஷிப்ட் அரை மணி முன்னே போகும். லைன் அமைப்பு, அதாவது வரிசையாக உட்கார்ந்து ஒருவர் முடித்ததை அடுத்தவர் தொடரும் ஏற்பாடு, மாறும். பத்து வருடமாக ஸ்கைவிங் (தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது) மட்டும் செய்தவர் பேஸ்டிங்கும் (பசை போட்டு ஒட்டுவது) கற்க வேண்டிவரும். டார்கெட் மாறும். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருப்பதால், ஏதாவது பிரச்சினை என்றால் போகும் கலெக்டர் ஆபீஸும் வேறு.

கையில் இருக்கும் வழிகள்: நோட்டீஸ் போர்டு, வாட்ஸ்ஆப், முதலாளியே பேசும் பொதுக்கூட்டம், பிரதிநிதிகள் மூலம் பேசுவது, லைன் லைனாக உட்கார்ந்து பேசுவது, வெளியிலிருந்து ஆலோசகரைக் கூப்பிடுவது. நடைமுறையில் இன்னொன்றும் உண்டு. லாரி வந்து மெஷினை ஏற்றும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு மனசுக்குள் பிடித்த வழி அதுதான்.

சொல்லாமல் இருப்பது

"இப்பவே சொன்னா பயந்து ஓடிடுவாங்க, எல்லாம் உறுதியானதும் சொல்லிக்கலாம்" என்பது இதற்கான வாதம். வேறு ஊரில் எப்படியோ, இந்த வட்டாரத்தில் இது செல்லாது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத தோல் பதனிடும் ஆலைகள் மூடப்படும் நிலை வந்தது. இன்றைக்கு ஸ்டிச்சிங்கில் இருக்கும் பெண்ணின் அப்பாவோ மாமனாரோ அந்தக் காலத்து டேனரியில் வேலை பார்த்திருக்கலாம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஆலை திடீரென்று நிற்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கேள்விப்பட்ட கதை இல்லை, வீட்டில் நடந்தது.

அதனால் வாட்டசாட்டமான இரண்டு பேர் டேப் வைத்து மெஷின் அளவெடுத்தாலே போதும். சாயங்காலம் பஸ் குடியாத்தம் போய்ச் சேர்வதற்குள் "மூடப்போறாங்களாம்" என்பது உறுதியாகிவிடும். முதலாளி நினைக்கும் ரகசியம் ஆலைக்குள் ரகசியமாக இருப்பதில்லை. தொழிலாளர்களிடம் முதலாளி சொன்ன கதை இல்லாமல், தாங்களே கட்டிய கதை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வேறு வேலை கிடைக்கும் திறமை உள்ளவர்தான் முதலில் கிளம்புவார். பனப்பாக்கம் சிப்காட் பக்கம் தோல் அல்லாத காலணி ஆலைகள் வரும் காலம் இது. நல்ல ஆபரேட்டருக்கு வேறு வாசல் இல்லாமல் போகாது.

நோட்டீஸ் போர்டு: வேண்டும், ஆனால் போதாது

சட்டப்படி இதைத் தவிர்க்க முடியாது. வேலை நேரம், ஷிப்ட், ஊதியம், படிகள், வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகை போன்றவற்றை மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் அப்படியே இருக்கிறது. பேரணாம்பட்டு யூனிட்டை நிரந்தரமாக மூடுவதாகக் கணக்கு வந்தால் அதற்குத் தனியாக 60 நாள் அறிவிப்பு. 300 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அரசின் முன் அனுமதியே வேண்டும். இதையெல்லாம் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நோட்டீஸால் ஒரு நன்மை உண்டு. வாய்வார்த்தை மாறும், எழுதி ஒட்டியது மாறாது. அதன் குறை, அதனிடம் கேள்வி கேட்க முடியாது. "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு" என்று தொடங்கும் காகிதத்தைப் படித்து நிம்மதியான தொழிலாளி எவரையும் நான் பார்த்ததில்லை. இன்னொரு சிக்கல் மொழி. இங்கே வீட்டில் உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், வடக்கிலிருந்து வந்த இந்திக்காரர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். வழக்கறிஞர் தமிழில் ஒரு தாள் ஒட்டிவிட்டு எல்லாருக்கும் தெரிவித்தாயிற்று என்று கையெழுத்துப் போடுவது கோப்புக்கு உதவும். லைனுக்கு உதவாது.

வாட்ஸ்ஆப்

வேகம், செலவில்லை, குரல் பதிவாக அனுப்பினால் படிக்கத் தெரியாதவருக்கும் போகும். பஸ் நேரம், லீவு, தேதி மாற்றம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. முதல் செய்தியை இதில் போடுவதுதான் தப்பு. இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் சமையலுக்கு நடுவே அதைப் பார்க்கிறாள். பல வீடுகளில் அந்த போன் கணவருடையது. அவர்தான் முதலில் படிக்கிறார், அவர்தான் "இனிமே போக வேண்டாம்" என்றும் சொல்கிறார். கேள்வி கேட்க நினைத்தாலும் 240 பேர் பார்க்கும் குரூப்பில் யார் கேட்பார்? அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று வைத்துவிட்டால் அது நோட்டீஸ் போர்டின் இன்னொரு பிரதி. எல்லாரும் பதிவிடலாம் என்று விட்டால் அரை மணியில் பக்கத்து ஆலை வரைக்கும் ஸ்கிரீன்ஷாட் போய்விடும்.

முதலாளி பேசும் பொதுக்கூட்டம்

சாப்பாட்டு நேரத்துக்கு முன் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி முதலாளியே மைக்கில் பேசுவது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஊரில் முதலாளி வாயால் கேட்டால்தான் நம்புவார்கள். ஹெச்.ஆர். சொன்னால் "அவருக்கே தெரியாது, பாவம்" என்பார்கள்.

எவ்வளவு நேரம், எப்படிப் பேசுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் ஆலைகள். ஆர்டர் போனதால் பத்து வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு. ஓர் ஆலையில் ஒன்றரை மணி நேரக் கூட்டம்: கணக்கைக் காட்டினார்கள், வருத்தம் தெரிவித்தார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். இன்னோர் ஆலையில் கால் மணி நேரத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். குறைந்த சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கால் மணி நேரத்தில் முடித்த ஆலையில் பொருள் களவு கூடுதலாக ஏறியது, வேலையை விட்டவர்களும் அங்கேதான் அதிகம்.

ஆக, நன்றாக நடத்தப்பட்ட கூட்டத்துக்குப் பலன் உண்டு. ஆனால் எதற்குப் பலன் என்று பார்க்க வேண்டும். ஏன் இந்த முடிவு என்று விளக்குவதற்கு அது சரி. ஒவ்வொருவருக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே வெளியே வராது. மைக் முன்னால் எழுந்து "எங்க பஸ் எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்க எத்தனை பெண்களுக்குத் துணிச்சல் வரும்? கேட்கும் இரண்டு மூன்று ஆண்கள் போனஸைப் பற்றிக் கேட்பார்கள். கூட்டம் முடிந்ததும் முதலாளி, "பார்த்தீங்களா, யாரும் எதிர்க்கலை" என்பார். எதிர்க்கவில்லைதான். வெளியே போய்த்தான் பேசுவார்கள்.

பிரதிநிதிகளா, எல்லாருமா?

இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடம் இதுதான். நல்லவேளையாக, நம் வேலைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் இரண்டு சோதனைகள் இதற்கு இருக்கின்றன. ஒன்று தையல் ஆலையில், மற்றொன்று காலணி ஆலையில்.

முதலாவது, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமா ஆலை. அங்கும் பெரும்பாலும் பெண்கள், அங்கும் பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வேலை முறையில் சின்ன மாற்றம் செய்தால்கூட உற்பத்தி விழுவதும் ஆட்கள் நிற்பதும் வழக்கமாக இருந்தது. லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்சு இருவரும் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் குழுவிடம் கூட்டம் போட்டு, போட்டி அதிகமாகிவிட்டது, முறை மாறுகிறது, புதிய ரேட் இது என்று விளக்கி, கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் சில பிரதிநிதிகள் புதிய முறையை வடிவமைப்பதில் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வகைக் குழுக்களில் எல்லாரும் சேர்ந்து பேசி முறையை உருவாக்கினார்கள்.

முதல் குழுவில் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தி ஏறவே இல்லை. பிரதிநிதிக் குழு 14 நாளில் பழைய அளவுக்கு மீண்டது, யாரும் விடவில்லை. எல்லாரும் பேசிய குழுக்கள் அதைவிட வேகமாக மீண்டு, மாற்றத்துக்கு முன்பிருந்ததைவிட 14 சதவீதம் அளவுக்கு மேலே போயின. அப்புறம், முதல் குழுவில் மிஞ்சியவர்களையே சில மாதம் கழித்து எல்லாரும் பேசும் முறையில் வேறு வேலைக்கு மாற்றியபோது அவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆள் கோளாறு இல்லை, முறைதான் கோளாறு என்று அதனால் தெரிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, மோசமாகப் போன முதல் குழுவுக்கும் விளக்கம் கிடைத்தது என்பதுதான். நம் ஆலைகளில் பெருமையாகச் செய்யும் கூட்டம் அந்தத் தரத்தில்தான் இருக்கிறது. ஆனால் சோதனைக் குழுக்கள் சிறியவை, அதனால் சதவீதத்தை அப்படியே பேரணாம்பட்டுக்குக் கொண்டுவர முடியாது. திசை மட்டும் தெரிகிறது.

இரண்டாவது சோதனை இந்தத் திசைக்குக் கொஞ்சம் கடிவாளம் போடுகிறது. அதே பிரெஞ்சு, வேறு இருவரோடு சேர்ந்து நார்வேயில் ஒரு காலணி ஆலையில் இதைத் திரும்பச் செய்து 1960இல் வெளியிட்டார். இந்த முறை உற்பத்தியில் குழுக்களுக்கிடையே வித்தியாசம் வரவில்லை. அங்கே தொழிலாளர்கள் சங்கப் பிரதிநிதிகள் மூலம் பேசுவதையே முறையானது என்று நினைத்தார்கள். நேரடியாகக் கேட்டது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கலந்து பேசிய விஷயங்களும் அவர்களுக்கு அவ்வளவு முக்கியமானவையாக இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு உதவும் கேள்வி இது: நம் ஆலையில் தொழிலாளர்கள் யாரைத் தங்கள் ஆள் என்று நினைக்கிறார்கள்? ராணிப்பேட்டை பெல் போன்ற பொதுத்துறை ஆலையில் சங்கங்கள் உண்டு, தேர்தல் உண்டு. அங்கே சங்கத்தைத் தாண்டிப்போய் நேரடியாகத் தொழிலாளர்களிடம் பேசினால் அதுவே சண்டையாகும். தனியார் ஷூ யூனிட்டில் நிலைமை வேறு. 100 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பணிக்குழு, 20 பேர் இருந்தாலே குறைதீர்க் குழு என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. குறைதீர்க் குழுவில் பெண்கள், ஆலையில் அவர்கள் இருக்கும் விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நடப்பில் பல இடங்களில் அந்தக் குழு ஆடிட் வரும்போது மட்டும் கோப்பிலிருந்து எழுந்து வருகிறது. உறுப்பினர் யார் என்று லைனில் கேட்டால் தெரியாது. அப்படிப்பட்ட குழுவோடு பேசிவிட்டு "தொழிலாளர்களிடம் கலந்தாலோசித்தோம்" என்றால், கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதோடு நின்றால் தேவலை.

லைன் லைனாக

எனவே நம் பேரணாம்பட்டு யூனிட்டுக்கு லைன் பேச்சுதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. இருபது பேராக, மெஷினை நிறுத்திவிட்டு, நாற்பது நிமிடம். அந்த லைனின் சூப்பர்வைசர் பேசுவார், நிர்வாகத்திலிருந்து முடிவு சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

செலவைக் கேட்டால் முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். கணக்கைப் போட்டுவிடுவோம். 240 பேருக்கு நாற்பது நிமிடம் என்றால் 160 மணி நேரம், அதாவது இருபது பேரின் ஒரு நாள் வேலை. ஒரு நாள் உற்பத்தியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஹார்வுட்டின் முதல் குழு போல 17 சதவீதம் பேர் நின்றால் சுமார் 40 பேர். புதிதாக வரும் ஹெல்பரை மெஷினில் உட்காரவைத்து அப்பர் தைக்கப் பழக்குவதற்கு ஆகும் நாளையும் அதுவரை வரும் ரீவொர்க்கையும் (பிழையான வேலையைத் திரும்பச் செய்வது) நாற்பதால் பெருக்கினால் எது மலிவு என்று தெரியும்.

லைன் பேச்சின் உண்மையான பலவீனம் சூப்பர்வைசர்தான். அவருக்கே விஷயம் தெரியாமல், அவரும் மற்றவர்களோடு நின்று கேட்டால், அந்த நிமிடமே அவர் மதிப்புப் போய்விடும். அடுத்த நாள் யாராவது கேட்டால், "எனக்கு என்னம்மா தெரியும், மேலே கேளு" என்பார். அதோடு முடிந்தது. அவருடைய வேலையும் ஆட்டம் காண்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டு யூனிட் சேர்ந்தால் இரண்டு ஸ்டிச்சிங் இன்சார்ஜ் எதற்கு என்று அவருக்கும் கணக்குத் தெரியும். ஆகவே அவருடைய நிலை என்ன என்பதை முதலில், தனியாக, உட்கார்த்திச் சொல்லிவிட்டுத்தான் லைனுக்கு அனுப்ப வேண்டும். கத்திப் பேசி வேலை வாங்கும் சூப்பர்வைசர் என்றால் அவரைப் பேசவிடாமல் நிர்வாகி பேசுவதே மேல். பெண்கள் அதிகம் உள்ள லைனில் தரம் பார்க்கும் செக்கராக இருக்கும் மூத்த அக்கா ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் வாய் திறக்கும். உருது பேசும் லைனில் ஒரு பாய் உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்லட்டும்.

இந்த நாற்பது நிமிடத்தில் என்ன வெளியே வரும்? "பஸ் எந்த வழியாப் போகும், எங்க ஊர் ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரும்?" இதுதான் முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி. காலை அரை மணி முன்னே என்றால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னே எழ வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? திரும்பும்போது இருட்டிவிட்டால் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை யார் வருவார்? கம்பெனி பஸ் தாமதமானால் வருகைப் பதிவில் லேட் விழுந்து அட்டெண்டன்ஸ் போனஸ் போகுமா? 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததுபோல மறுபடி வந்து சாலை துண்டித்தால் அன்றைய சம்பளம்? வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு விடும் நேரம் அங்கேயும் உண்டா? பிள்ளைக் காப்பகம் அங்கே இருக்கிறதா, கைக்குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றலாமா?

அடுத்தது சர்வீஸ். இங்கே ஒரே முதலாளிக்கு நாலு பெயரில் கம்பெனி இருப்பது சாதாரணம். சம்பள ரசீதில் வேறு பெயர் வந்தால் எட்டு வருடச் சர்வீஸ் போச்சா, கிராஜுவிட்டி முதலிலிருந்தா? ஆலை கைமாறும்போது சர்வீஸ் தொடர்ச்சி அறுபடாமல், நிபந்தனைகள் குறையாமல், பழைய வருடங்களுக்கும் சேர்த்துப் புதிய நிர்வாகம் பொறுப்பேற்றால்தான் நஷ்டஈடு இல்லாமல் மாற்ற முடியும் என்பது சட்டத்தில் பழைய விதி. அந்த உத்தரவாதத்தை ஒவ்வொருவர் பெயரிலும், அவர் வேலையில் சேர்ந்த தேதி போட்டு, கடிதமாகக் கொடுத்துவிட்டால் பாதி பயம் அன்றே அடங்கும். வர முடியாதவர்களுக்கு என்ன என்பதும் இங்கேயே சொல்லப்பட வேண்டும். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸும், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளமும் அவர்களுக்குச் சேர வேண்டியது. அதைத் தவிர்க்க "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மிச்சமிருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஷிப்ட் நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பி, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அதிலிருந்து "ஷிப்ட் மாறுது" என்று சொன்னாலே காதில் "பன்னிரண்டு மணி நேரம்" என்று விழுகிறது. தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் சேர்த்தே ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். சொல்லப்போனால் சித்திரை வெயிலில் வேலூர்க்காரர்களுக்குக் காலை சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிவது பிடிக்கவும் செய்யலாம். கேட்டால்தானே தெரியும்.

எதைப் பேசலாம், எது முடிந்துபோனது

லைன் பேச்சைக் கெடுப்பதற்குச் சுலபமான வழி, முடிவான விஷயத்துக்கு அபிப்பிராயம் கேட்பது. ஆம்பூர் போவது முடிவாகிவிட்டதென்றால் அதை முதல் நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். "போகலாமா, வேண்டாமா, உங்க கருத்து என்ன?" என்று கேட்டுவிட்டு மறுவாரம் லாரியைக் கொண்டுவந்தால், கேட்காமலே இருந்ததைவிட மோசம். பஸ் வழி, ஸ்டாப், லைனில் யார் யாரோடு உட்காருவது, புதிய வேலை கற்க எத்தனை நாள், அதுவரை எந்த ரேட்டில் சம்பளம், டார்கெட்டை எத்தனை வாரத்தில் ஏற்றுவது, இவையெல்லாம் உண்மையிலேயே திறந்திருக்கட்டும். புதிய டார்கெட்டை ஆலைப் பொறியாளர் காகிதத்தில் போடுவதற்கு முன்னால், இரண்டு லைனில் சோதனையாக ஓட்டி, தைக்கிறவர்களே நேரம் பார்க்கட்டும். ஹார்வுட்டில் பலன் தந்தது இந்த இடம்தான். கூட்டம் போட்டதற்காக அந்தப் பலன் வரவில்லை, வேலை முறையை அமைப்பதில் அவர்கள் கை இருந்ததால் வந்தது.

ஒரு தடவையோடும் இது முடியாது. இரண்டு பெரிய நிறுவனங்கள் இணைந்தபோது நடந்த ஒரு கள ஆய்வை ஷ்வைகர், டெனிசி என்ற இருவர் 1991இல் வெளியிட்டார்கள். ஓர் ஆலைக்குத் தலைமை அதிகாரியின் கடிதம் மட்டும். மற்றோர் ஆலைக்கு அந்தக் கடிதத்தோடு, மாதம் இரண்டு செய்திமடல், கேள்வி கேட்கத் தொலைபேசி எண், வாராவாரம் ஆலை மேலாளரோடு சந்திப்பு. அறிவிப்பு வந்ததும் மனக்கலக்கம் இரண்டு இடத்திலும் ஏறியது. கடிதம் மட்டும் போன இடத்தில் அது ஏறிக்கொண்டே போனது. வாராவாரம் பேசிய இடத்தில் நின்றது. பேசுவதால் மனக்கலக்கம் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், மேலே ஏறாமல் நிற்பதே லாபம்.

ஆலோசகர், செயலி, சர்வே: பெரிய நிறுவனத்துக்கு உதவலாம். நம் 240 பேர் யூனிட்டில் பெயர் போடாத சர்வே என்று சொல்லி ஐ.டி. நம்பரோடு லாகின் செய்யச் சொன்னால் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அப்படியானால் எந்த வரிசையில்?

முதலில் சூப்பர்வைசர்கள், ஒருவரையும் விடாமல், ஒரே நாள் மாலை. மறுநாள் காலை முதலாளி பேசும் கூட்டம்: வரி, ஆர்டர், வாடகை என்று காரணத்தை மட்டும், கணக்கோடு. அதே நாள் மதியம் தொடங்கி இரண்டு நாளுக்குள் பன்னிரண்டு லைன் பேச்சும் முடிய வேண்டும். இடைவெளி விட்டால் முதல் லைன் கேட்டது கடைசி லைனுக்கு வேறு உருவத்தில் போய்ச் சேரும். வந்த கேள்விகளுக்குப் பதில் ஒரு வாரத்துக்குள் தமிழிலும் உருதுவிலும், பெரிய எழுத்தில், டைம் ஆபீஸ் பக்கத்தில். பதில் இன்னும் இல்லாத கேள்விக்கு "இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதியில் சொல்கிறோம்" என்று தேதியோடு. இந்தப் பதில்களில் உறுதியானவற்றைச் சேர்த்து, அதன்பின் 21 நாள் நோட்டீஸ். தினசரி மாற்றங்களுக்கு வாட்ஸ்ஆப். குறைதீர்க் குழுவுக்கு இந்தச் சந்தர்ப்பத்திலேயே லைனுக்கு ஒருவராகப் பேர் கேட்டுப் புதிதாக அமைத்துவிட்டால், ஆம்பூர் போன பிறகு பேச ஆள் இருக்கும்.

இதே வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. நாற்பது பேர் உள்ள டேனரியில் முதலாளியே முதல் நாளே எல்லாரோடும் உட்கார்ந்து பேசிவிடலாம், கூட்டமும் லைன் பேச்சும் அங்கே ஒன்றுதான். சங்கம் வலுவாக உள்ள இடத்தில் சூப்பர்வைசருக்கும் முன்பே சங்க நிர்வாகிகள். மருத்துவமனை போன்ற இடத்தில் மூன்று ஷிப்டும் வேறு வேறு ஆட்கள் என்பதால் இரவு ஷிப்டுக்குத் தனிக் கூட்டம் வைக்காவிட்டால் அவர்கள் கேன்டீனில் கேட்டதே செய்தியாகும். சம்பளமோ நேரமோ இடமோ மாறாமல், சாஃப்ட்வேர் மட்டும் மாறுகிற அலுவலகத்துக்கு இத்தனை ஏற்பாடு தேவையே இல்லை. ஒரு நோட்டீஸும் இரண்டு நாள் பயிற்சியும் போதும்.

நம் யூனிட்டுக்கு இடமாற்றத் தேதியைக் குறிக்கும் முன் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளவும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் பஸ் பாதி காலியாகத்தான் வரும். ரம்ஜான் மாதத்தில் புதிய நேரத்தைத் தொடங்குவதும் வேண்டாம். மாற்றத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, சம்பளத்தோடு, பஸ்களைப் புதிய வழியில் புதிய நேரத்துக்கு ஆம்பூர் வரை ஓட்டிப் பாருங்கள். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற தாளை டிரைவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த லைன் பேச்சில் முதல் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.